ப்ரீஹீட்டர் ஃபேன்: எல்லா வைப்ரேஷன் அலாரத்தையும் ஒரே குரூப்பில் போட்டேன், பேரிங் போனது தெரியவில்லை

கேள்வி: கில்ன்_பராமரிப்பு

வணக்கம். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மெக்கானிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஆன்லைன் வைப்ரேஷன் கண்காணிப்பு மென்பொருளில் அலாரங்களை எப்படிக் குரூப் செய்வது என்பதுதான் கேள்வி. நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கில்ன் (சுண்ணாம்புக்கல் தூளைச் சுடும் சுழல் உலை) வரிசையில் மட்டும் எங்களுக்கு 60 சென்சார்கள். அதில், உலையின் சூடான கேஸை இழுக்கும் ப்ரீஹீட்டர் ஃபேனுக்கு 8: ஃபேனின் இரண்டு பேரிங்கிலும் கிடைமட்டம், செங்குத்து என்று நான்கு, கப்ளிங் பக்கம் இருக்கும் லாக் செய்த பேரிங்கில் அச்சுத் திசையில் ஒன்று, மோட்டாரில் மூன்று. ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் மூன்று அளவு எடுக்கிறோம். மொத்த வெலாசிட்டி (அதிர்வின் வேகம்), ஒன் எக்ஸ் (ஃபேன் சுற்றும் அதே அதிர்வெண்ணில் வரும் அதிர்வு), பேரிங்குக்கான என்வலப் (பேரிங் அடிபடும் மெல்லிய தட்டலைப் பிரித்துக் காட்டும் அளவு). ஒவ்வொரு அளவுக்கும் எச்சரிக்கை ஒன்று, அபாயம் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 360 அலாரம். நிறுவியவர்கள் 360ஐயும் தனித்தனியாகச் செய்தி அனுப்பும்படி வைத்துவிட்டுப் போனார்கள்.

ப்ரீஹீட்டர் ஃபேனோடு பழகியவர்களுக்குத் தெரியும், கேஸோடு வரும் தூசி இம்பெல்லர் பிளேடில் அப்பிக்கொண்டே இருக்கும். சமமாகப் படிந்தால் தொல்லை இல்லை. ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து விழுந்தால் அந்த நொடியிலேயே பாலன்ஸ் போய்விடும். ஐப்பசியில் ஒரு நாள் இரவு இரண்டரை மணிக்கு அப்படித்தான் விழுந்தது. எட்டு சென்சாரும் ஒன்றாகக் கத்தின. எல்லையைத் தாண்டி, இறங்கி, மறுபடி தாண்டியதில் சிலது இரண்டு மூன்று தடவை வந்தது. 12 நிமிடத்தில் என் போனுக்கு 41 செய்தி. கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் சத்தத்தை நிறுத்துவதிலேயே இருந்தார், எது முதலில் வந்தது என்று பார்க்க அவருக்கு நேரமே இல்லை.

மறுநாள் மென்பொருளில் இருந்த குரூப் வசதியைத் திறந்தேன். எட்டு சென்சாரையும் ‘ப்ரீஹீட்டர் ஃபேன்’ என்று ஒரே குரூப்பில் போட்டு, ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டினால் குரூப்புக்கு ஒரு செய்தி என்று வைத்தேன். எல்லோரும் நிம்மதியானார்கள். பாராட்டுகூடக் கிடைத்தது.

தை மாதம் மோட்டார் பின்பக்க சென்சாரின் கேபிள் ஜங்ஷன் பாக்ஸுக்குள் கருகிவிட்டது. குரூப் சிவப்பானது. கேபிள்தான் என்று தெரியும், அடுத்த ஷட்டவுனில் மாற்றலாம் என்று அக்னாலெட்ஜ் செய்து (பார்த்துவிட்டோம் என்று பதிந்து) விட்டுவிட்டோம். ஒன்பது நாள் அப்படியே சிவப்பாக நின்றது. பத்தாம் நாள் ஃபேனின் கப்ளிங் இல்லாத பக்கத்துப் பேரிங்கில் வெப்பநிலை ஏறி டிரிப் ஆனது, அதாவது பாதுகாப்புக்காக ஃபேன் தானாக நின்றது. ஹவுசிங்கைத் திறந்தால் 22240 பேரிங்கின் வெளி வளையத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. கில்ன் 26 மணி நேரம் நின்றது.

பிறகு டிரெண்டை எடுத்துப் பார்த்தேன். கேபிள் போன மூன்றாம் நாளே அந்தப் பேரிங்கின் என்வலப் எச்சரிக்கையைத் தாண்டியிருக்கிறது. ஐந்தாம் நாள் அபாயத்தையும் தாண்டிவிட்டது. ஆனால் குரூப் ஏற்கெனவே சிவப்பு, அதனால் புதுச் செய்தி எதுவும் வரவில்லை. மென்பொருள் பார்த்திருக்கிறது, அது சொல்ல வந்த வழியை அடைத்தவன் நான். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பழையபடி 360க்கும் திரும்ப முடியாது. குரூப்பை எதை வைத்துப் பிரிப்பது? மெஷின் வாரியாகவா, அளவு வாரியாகவா? இரண்டு சென்சார் ஒத்துக்கொண்டால்தான் அலாரம் என்று வைக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய_அதிர்வுக்காரர்

தம்பி, உங்கள் இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். பேப்பர் மில், அனல் மின் நிலையம் என்று 27 வருடம் ஸ்பெக்ட்ரம் பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். நீங்கள் குரூப் செய்தது தப்பில்லை. மெஷினின் பெயரை வைத்துக் குரூப் செய்ததுதான் தப்பு. பழுதை வைத்துப் பிரியுங்கள்.

அந்த ஐப்பசி இரவை எடுத்துக்கொள்வோம். ஃபேன் 900 சுற்றில் ஓடினால் ஒன் எக்ஸ் 15 ஹெர்ட்ஸ். இவ்வளவு குறைந்த அதிர்வெண் பேரிங் ஹவுசிங், அதைத் தாங்கும் பெடஸ்டல், அடித்தளம், மோட்டார் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டும். அதனால்தான் பாலன்ஸ் போனால் எட்டு சென்சாரும் ஒன்றாகச் சொல்கின்றன. எட்டும் சொல்வது ஒரே சேதி. பேரிங் அடிபடுவது அப்படி இல்லை. பெயர்ந்த இடத்தில் உருளை ஏறி இறங்கும்போது வரும் தட்டல், சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிக்கும் மெல்லிய அதிர்வு. ஒரு மூட்டைத் தாண்டும்போதே அதில் பெரும்பகுதி செத்துவிடும். பக்கத்தில் இருக்கும் சென்சார் மட்டும்தான் பார்க்கும், அடுத்த பேரிங்குக்குப் போய்ச் சேராது.

இதிலேயே உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாலன்ஸ் குரூப்புக்கு ‘இரண்டும் ஒத்துக்கொண்டால்’ என்ற விதி நன்றாகப் பொருந்தும். உங்கள் ஃபேனில் இம்பெல்லர் இரண்டு பேரிங்குக்கு நடுவே இருக்கும் என்று நினைக்கிறேன். இரு பக்கத்துக் கிடைமட்ட ஒன் எக்ஸையும் எடுங்கள், ஒரு நிமிட இடைவெளிக்குள் இரண்டும் தாண்டினால் ஒரே ஒரு அலாரம். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அது பாலன்ஸ் இல்லை, பெடஸ்டல் போல்ட் தளர்ந்திருக்கலாம். அதைத் தனி எச்சரிக்கையாக ஆய்வாளருக்கு மட்டும் அனுப்புங்கள். பேரிங்குக்கு மட்டும் இந்த விதியைத் தவறியும் போடாதீர்கள். இரண்டு சென்சார் சேர்ந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் கடைசிவரை சொல்லாது. ஒரு பேரிங், ஒரு குரூப். அந்தப் பேரிங்கின் கிடைமட்ட என்வலப், செங்குத்து என்வலப், வெப்பநிலை, இதில் எது ஒன்று தாண்டினாலும் அலாரம்.

அலைன்மென்டுக்கு (மோட்டார் ஷாஃப்டும் ஃபேன் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது) இன்னொன்று வையுங்கள். கப்ளிங்கின் இரண்டு பக்கத்துப் பேரிங், டூ எக்ஸ் (சுற்றும் அதிர்வெண்ணின் இரண்டு மடங்கில் வருவது), அச்சுத் திசை அளவு, இவை ஒரு சேர்க்கை. மோட்டாரும் ஃபேனும் ஒரே குரூப்பில் வரலாம் என்றால் இங்கே மட்டும்தான்.

எல்லைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லை தப்பாக இருந்தால் எந்தக் குரூப்பும் காப்பாற்றாது. அதிர்வை ஏ (நல்லது) முதல் டி (ஆபத்து) வரை நான்கு மண்டலமாகப் பிரிக்கும் தரநிலை, ஐஎஸ்ஓ 10816-3 என்று நாம் படித்தது, 2022இல் 20816-3 ஆகிவிட்டது. 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மெஷின், கெட்டியான அடித்தளம் என்றால் பி-சி எல்லை 4.5, சி-டி எல்லை 7.1 மிமீ/வினாடி. பலர் இந்த 4.5ஐ அப்படியே எச்சரிக்கையாகப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஆவணம் சொல்வது வேறு. உங்கள் மெஷினின் இயல்பான அளவோடு, பி-சி எல்லையில் கால் பங்கைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் ஃபேன் நல்ல நாளில் 1.8இல் ஓடுகிறது என்று வையுங்கள். 4.5இல் கால் பங்கு சுமார் 1.1. எச்சரிக்கை 2.9. நாலரை வரை காத்திருப்பவருக்கும் 2.9இல் எழுந்து பார்ப்பவருக்கும் நடுவே சில நேரம் பல வாரம் இருக்கும்.

வேகத்தை மறந்துவிடாதீர்கள். விஎஃப்டியில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும் ஃபேனில் பாலன்ஸ் இல்லாத எடை அப்படியே இருந்தாலும் அது கொடுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 720 சுற்றிலிருந்து 900க்குப் போனால் 1.56 மடங்கு. ஒரே எல்லையை வைத்தால், உற்பத்தி கூடும்போதெல்லாம் வெறும் அலாரம் வரும், குறைந்த வேகத்தில் நிஜப் பழுது ஒளிந்துகொள்ளும். 750க்குக் கீழே, 750 முதல் 850, அதற்கு மேலே என்று மூன்று தட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை வையுங்கள். ஒன் எக்ஸ் பேண்டும் 15 ஹெர்ட்ஸ் என்று நிலையாக இருக்கக் கூடாது, வேகத்தோடு நகர வேண்டும். டேகோ (சுற்று வேகமானி) சிக்னல் இல்லையென்றால் விஎஃப்டியிலிருந்து வேகத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரிப்பை மட்டும் இந்த விளையாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது பாதுகாப்பு ரிலேயிலேயே தனியாக இருக்கட்டும்.

பதில்: இன்ஸ்ட்ருமென்ட்_ஆள்

மேலே அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. கேபிள் விஷயத்தில் மட்டும் என் பங்குக்கு.

கருகிய கேபிளை ‘வைப்ரேஷன் அலாரம்’ என்று மென்பொருள் காட்டியதே முதல் கோளாறு. நீங்கள் போட்டிருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் (அதிர்வு சென்சார்) பெரும்பாலும் இரண்டு கம்பி வகையாக இருக்கும். அதில் மின்சாரமும் சிக்னலும் ஒரே வழியில் போவதால் ஒரு நிலையான பயாஸ் வோல்டேஜ் நிற்கும், சாதாரணமாக 8 முதல் 12 வோல்ட். கேபிள் அறுந்தால் அது சப்ளை வோல்டேஜுக்கு, அதாவது 24 பக்கம் ஏறிவிடும். ஷார்ட் ஆனால் பூஜ்யம். மாட்யூல் இதை அளக்கும், அதை அலாரத்தோடு இணைக்கிற டிக் மார்க் மட்டும் விட்டுப்போயிருக்கும். அதைப் போட்டுவிட்டு, ‘சென்சார் பழுது’ என்று தனிக் குரூப் உருவாக்கி, எங்கள் ஆட்களுக்கு அனுப்புங்கள். பயாஸ் கெட்ட சென்சார் அந்த நொடியே மற்ற குரூப்களிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பாலன்ஸ் குரூப்பில் இரண்டில் ஒன்று விலகினால், மிச்சம் இருக்கும் ஒன்று தனியாகவே அலாரம் கொடுக்கும்படி விதி மாற வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ஒத்துக்கொள்ளட்டும் என்று ஆயுசுக்கும் காத்திருக்கும்.

அப்புறம் ரீஃப்ளாஷ். குரூப் ஏற்கெனவே சிவப்பாக இருந்தாலும், உள்ளே புதிதாக ஒன்று தாண்டினால் மறுபடி ஒலித்து மறுபடி அக்னாலெட்ஜ் கேட்க வேண்டும். மென்பொருளே இல்லாத காலத்தில் கண்ணாடிச் சன்னல் போட்ட அனன்சியேட்டர் பெட்டியிலேயே இந்த வசதி இருந்தது. ஒரே விளக்கைப் பல அலாரம் பங்குபோட்டால் ரீஃப்ளாஷ் கட்டாயம் என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். உங்கள் மென்பொருளில் வேறு பெயரில் இருக்கலாம், தேடுங்கள். இல்லவே இல்லையென்றால் அந்தக் குரூப்பை டிசிஎஸ்ஸில் (ஆலையின் மையக் கட்டுப்பாட்டு அமைப்பு) கட்டுங்கள்.

41 செய்தி என்றீர்கள். 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடித்ததே, அதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்தது. 26 பேருக்குக் காயம். அந்த விசாரணை அறிக்கையைப் படித்த பிறகுதான் அலாரத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. ஒரு ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று ஈஈஎம்யூஏ 191 என்ற அலாரம் வழிகாட்டி சொல்கிறது. கில்ன், கூலர், மில் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒன்று. அதில் உங்கள் வைப்ரேஷனுக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில்: சிசிஆர்_ஷிப்ட்

நான் கன்ட்ரோல் ரூமில் உட்காருகிற ஆள். வேறு ஆலை, ஆனால் இதே ஃபேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள் சார்.

குரூப்புக்கு ‘பிஎச் ஃபேன் ஜென் அலாரம்’ (ப்ரீஹீட்டர் ஃபேன் பொது அலாரம்) என்று பெயர் வைத்தால் ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு ஒன்றும் புரியாது. உங்களுக்குப் போன் போடுவேன், நீங்கள் தூக்கத்தில் லேப்டாப்பைத் திறப்பீர்கள், அதற்குள் அரை மணி ஓடிவிடும். எங்கள் ஆலையில் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர் எழுதிவைத்த வாசகம் இப்படி: ‘பிஎச் ஃபேன் இம்பெல்லர் பாலன்ஸ் மாறியது. ஒன் எக்ஸ் அளவைப் பார். 5க்கு மேல் நின்றால் ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிடு.’ இன்னொன்று: ‘பிஎச் ஃபேன் கப்ளிங் இல்லாத பக்கப் பேரிங். இப்போது செய்ய எதுவும் இல்லை. வெப்பநிலையை மணிக்கொருமுறை எழுது.’ இந்த இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதுவும் செய்யவேண்டாம் என்று தைரியமாக எழுதிக் கொடுத்திருப்பதால்தான் நான் பதறிப்போய் டிராஃப்டை (ஃபேனின் இழுவையை) குறைக்காமல் இருக்கிறேன்.

நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அந்தக் குரூப்பை என் திரைக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் உங்கள் போனோடு நிற்கட்டும்.

கேள்வி கேட்டவர்: கில்ன்_பராமரிப்பு

மூவருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வருகிறேன், செய்து பார்க்காமல் எழுத மனசில்லை.

ப்ரீஹீட்டர் ஃபேனின் பழைய குரூப்பை அழித்துவிட்டு பாலன்ஸ், அலைன்மென்ட், ஃபேன், மோட்டார் இரண்டிலும் சேர்த்து நாலு பேரிங்குக்கு நாலு, சென்சார் பழுது என்று ஏழு குரூப் கட்டினேன். திரைக்குப் போவது பாலன்ஸும் ஃபேன் பேரிங் இரண்டும் மட்டும். வாசகங்களை நானே எழுதாமல் மூன்று ஷிப்ட் ஆபரேட்டர்களோடும் உட்கார்ந்து எழுதினேன். ‘இப்போது செய்ய எதுவும் இல்லை’ என்ற வரியை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வேகத்தை மூன்று தட்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு தட்டிலும் இயல்பான அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே இரண்டரை வாரம் ஆனது, ஏனென்றால் 750க்குக் கீழே ஃபேன் ஓடும் நேரம் குறைவு.

ரீஃப்ளாஷ் எங்கள் மென்பொருளில் இருந்தது, ‘புதிய உறுப்புக்கு மீண்டும் அறிவி’ என்ற பொருளில் ஏதோ ஒரு பெயரில், மூன்றாவது பக்கத்தில். வைத்ததோடு விடாமல் சோதித்தும் பார்த்தேன். ஒரு பேரிங்கின் கிடைமட்ட எல்லையை வேண்டுமென்றே கீழே இறக்கி குரூப்பைச் சிவப்பாக்கி, அக்னாலெட்ஜ் செய்துவிட்டு, செங்குத்து எல்லையையும் இறக்கினேன். திரையில் மறுபடி ஒலித்தது. என் போனுக்கு வரவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேடிய பிறகு தெரிந்தது, செய்தி அனுப்பும் கேட்வே ஒரே வாசகம் 30 நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் அதை நகல் என்று விழுங்கிவிடுகிறது. வாசகத்தின் கடைசியில் எந்த சென்சார் என்று சேர்த்த பிறகுதான் இரண்டாவது செய்தி வந்தது. ரீஃப்ளாஷ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒரு தடவை போன்வரை சோதித்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பங்குனியில் பிளேடில் அப்பியிருந்த தூசிக் கோட்டிங் மறுபடி விழுந்தது. ஒன் எக்ஸ் இரண்டு பக்கமும் 1.9இலிருந்து 4.8க்குப் போனது. ஒரே ஒரு செய்தி. கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் ஒன் எக்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார், 5ஐத் தொடவில்லை. காலையில் பேசி வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டி, நான்காம் நாள் திட்டமிட்டு நிறுத்திச் சுத்தம் செய்தோம்.

இன்னும் ஒன்று தீரவில்லை. கூலர் ஃபேன்கள் ஏழும் ஒரே தளத்தில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றை நிறுத்தி வைத்தாலும் பக்கத்து ஃபேனின் அதிர்வு தரை வழியாக வந்து, நிற்கிற ஃபேனுக்கு அலாரம் கொடுக்கிறது. மோட்டார் ஓடவில்லை என்றால் அந்த ஃபேனின் குரூப்பை மௌனமாக்கிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

பதில்: பழைய_அதிர்வுக்காரர்

போன்வரை சோதித்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது தம்பி.

மௌனமாக்கலாம், ஆனால் அளப்பதை நிறுத்தாதீர்கள். ‘ஓடுகிறது’ என்ற சிக்னலை மோட்டார் கரண்டிலிருந்து எடுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காண்டாக்டர் ஒட்டியிருந்தாலும் கப்ளிங் அறுந்த ஃபேன் நின்றுகொண்டுதான் இருக்கும், கரண்ட் குறைவதில் அது தெரிந்துவிடும். ஃபேன் கிளம்பி வேகம் பிடிக்கும்வரையும் சேர்த்து மௌனம் கொடுங்கள்.

அளப்பதை ஏன் நிறுத்தக் கூடாது என்றால், நின்றிருக்கும் பேரிங்குக்குப் பக்கத்து மெஷினின் அதிர்வு பகை. சுற்றாத உருளை ஒரே இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டே இருந்தால் கிரீஸ் விலகி, வளையத்தில் உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளம் பள்ளமாக விழும். ஆறு மாதம் ஸ்டாண்ட்பையில் இருந்த ஃபேனை ஓட்டிய முதல் நாளே பேரிங் இரைவது இதனால்தான். ஆகவே நிற்கிற ஃபேன்களுக்கென்று தனியாக ஒரு குரூப் வையுங்கள். திரைக்கு வேண்டாம், வாரம் ஒருமுறை உங்களுக்கு மட்டும் ஒரு பட்டியலாக வரட்டும். அதில் எந்த ஃபேனின் அளவு மேலே இருக்கிறதோ அதை முதலில் ஓட்டுக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஷாஃப்டைக் கையால் ஒரு கால் சுற்றுச் சுற்றி வையுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் வராதபடி லாக் போட்டுவிட்டு, மறக்காமல்.